இன்னொரு உச்சிமாகாளி

"பணம் எடு" என்ற பொத்தானை உச்சிமாகாளி அமுக்கிக்கொண்டே இருந்தான். தட்டில் சாம்பார் சாதம் ஆறிப் பாளம் கட்டியிருந்தது. கேன்டீன் சாம்பாரைச் சூடாக இருக்கும்போதே சாப்பிடுவது கஷ்டம். ஆறினால் கேட்கவே வேண்டாம்.

பொத்தான் நேற்றுவரை பச்சையாக இருந்தது. இன்று சாம்பல் நிறம். அமுக்கினால் ஒரு குட்டிப் பூட்டு எழும்பி வந்து, இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு மறைந்தது.

"வருதால?" என்று எதிரே உட்கார்ந்திருந்த இசக்கிபாண்டி கேட்டான். ஓரகடத்தை அடுத்த சேரப்பணஞ்சேரியில் உச்சிமாகாளியோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன். கம்பெனியிலும் ஒரே லைன். ஊர் மட்டும் வேறு, கோவில்பட்டிப் பக்கம். யாருக்கும் எந்த விஷயத்திலும் யோசனை சொல்லத் தயங்காதவன்.

"பூட்டுதான் வருது."

"நல்லா அழுத்திப் பாரு."

"இனிமே அழுத்துனா போனு ஒடஞ்சிரும் மாப்ள."

ஜிங்கோரா என்பது கடல் கடந்து எங்கோ இருக்கும் ஒரு சூதாட்டத் தளம். அங்கே ரூபாய் செல்லாது. ரூபாயைக் கண்ணுக்குத் தெரியாத கிரிப்டோ காசாக மாற்றித்தான் உள்ளே போட வேண்டும். திரையில் ஒரு ராக்கெட் கிளம்பும். அது ஏற ஏறப் போட்ட பணமும் ஏறும். வெடிப்பதற்குள் வெளியே இழுத்துவிட வேண்டும். உச்சிமாகாளி சரியான நேரத்தில் இழுத்துவிட்டான். அவனுக்கு வந்த வினையே அதுதான். தோற்றிருந்தால் நாலு நாள் அழுது தீர்த்திருப்பான். ஜெயித்துவிட்டானே, பணம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரவில்லை.

அவன் சொந்தப் பணமாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். அது அம்மன் பணம்.

திசையன்விளைக்குப் பக்கத்தில் அவன் ஊர். ஊர் அம்மன் பெயர் உச்சிமாகாளி. ஆடிக் கடைசிச் செவ்வாயில் அவளுக்குக் கொடைத் திருவிழா. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வீடு வீடாக வரி போடுவார்கள். எந்தச் சீமையில் போய்ப் பிழைத்தாலும் கொடுத்தாக வேண்டும். ஓரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வேலை பார்க்கும் ஊர்ப் பையன்களிடம் வரி பிரித்து அனுப்பும் பொறுப்பு இவனுடையது. குடிக்க மாட்டான், பீடி சிகரெட் தொட மாட்டான், கண்ட இடத்தில் சுற்ற மாட்டான், நம்பிக் கொடுக்கலாம் என்று ஊரே ஒரு மனதாகச் சொன்ன ஆள். இந்த வருஷம் வில்லுப்பாட்டுச் செலவு முழுவதையும் ஓரகடம் பையன்கள் ஏற்றிருந்தார்கள். லட்சத்தைத் தாண்டிச் சேர்ந்தது. அதை இரட்டிப்பாக்கி அம்மனுக்கு வெள்ளி அங்கி செய்து போடுவதாக அவன் நேர்ந்துகொண்டான். அங்கி போக மிச்சத்தில் ஒரு புது போன் என்பதை மட்டும் அம்மனிடம் சொல்லவில்லை.

வரி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அப்பாவை வரியிலிருந்து நீக்குவார்கள். நீக்கிய வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டார்கள். கொடையன்று மேளச் சத்தம் கேட்கும்போது அப்பா மட்டும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். அதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அனுப்பியவள் ஒலிவியா, ஜிங்கோராவின் உதவிப் பிரிவு. ஆங்கிலத்தில்தான் எழுதுவாள். இசக்கிபாண்டி அதைத் தன் போனில் போட்டுத் தமிழாக்கிப் படித்தான்.

"'மதிப்பிற்குரிய வீரரே'ன்னு போட்டிருக்கால."

"அது கெடக்கு. மேல படி."

"'உங்க பேருல ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கு. ஒராளுக்கு ஒரு கணக்குதான். விசாரணை முடியுற வரைக்கும் பூட்டித்தான் இருக்கும்.' ஏல, ஒங்கிட்ட இன்னொரு கணக்கு இருக்கா?"

"அம்மன் சத்தியமா இல்ல."

"பின்ன அது யாரு?"

உச்சிமாகாளி கொஞ்சம் யோசித்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான். அந்த மாதத்தில் அவன் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

அம்மன் பெயர் உச்சிமாகாளி என்பதால் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு உச்சிமாகாளி உண்டு. இவன் வகுப்பில் மட்டும் மூன்று பேர். மூவருக்கும் அப்பா பெயர் சுடலை. கட்டை உச்சி, நெட்டை உச்சி, வெறும் உச்சி என்று பிரித்து வைத்திருந்தார்கள். இவன் வெறும் உச்சி. பிறந்த தேதியாவது வேறாக இருக்குமா என்றால், அதுவும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் தேதி கேட்க, அம்மாக்கள் "நல்ல மழை பெஞ்ச வருசம் சார்" என்று சொல்ல, அவர் எல்லாருக்கும் சேர்த்து ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். இன்றைக்கும் ஜூன் ஒன்றாம் தேதி பாதி ஊருக்குப் பிறந்தநாள்.

"அப்ப ஒங்க ஊர்க்காரன் எவனோ இதுல கணக்கு வச்சிருக்கான். அந்தப் புள்ள நீங்க ரெண்டு பேரும் ஒராளுன்னு நெனச்சிட்டா," என்று இசக்கிபாண்டி வழக்கை முடித்துவைத்தான். "ஆதார அனுப்பிரு. சோலி முடிஞ்சது."

அனுப்பினான். மறுநாள் பதில் வந்தது. பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாமே அந்தக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகின்றன, ஆகவே அந்த இன்னொருவரும் நீங்களேதான் என்பது ஐயமின்றி உறுதியாகிவிட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி.

"நான் நான்தான்னு நிரூபிச்சதுக்கு நன்றி சொல்லுதா," என்றான் உச்சிமாகாளி.

"வெளிநாட்டுக்காரிக்கு நம்ம ஊரு பேரு எப்படிப் புரியும்?" என்று இசக்கிபாண்டி ஒலிவியாவுக்காகப் பரிந்தான். "நீ அந்த ரெண்டு உச்சியையும் பிடி. எவன்னு கண்டுபிடிச்சி, அவன் கணக்க மூடச் சொல்லு."

நெட்டை உச்சி சாமியாடி. கொடைக்கு விரதம் இருந்ததால் போனையே தொடுவதில்லை என்று அவன் மனைவி சொன்னாள். மிச்சம் கட்டை உச்சி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான்.

"ஜிங்கோராவா? அப்படின்னா என்னடே?" என்றான் கட்டை.

"ஒனக்குத் தெரியாதா? அப்பச் சரி, விட்டுரு."

"இருடே, வைக்காத. என்னது அது? துட்டு வருமா?"

"வரும். ஆனா வராது."

"எவ்வளவு வரும்?"

"போட்டதுக்கு ரெண்டு மடங்கு கூட வரும். ஆனா நான் சொல்லுதத முழுசாக் கேளு..."

கட்டை உச்சி முழுசாகக் கேட்கவில்லை. மறுநாள் ஒலிவியா எழுதினாள். உங்கள் பெயரில் நேற்று மாலை மூன்றாவதாக ஒரு கணக்கும் தொடங்கப்பட்டிருக்கிறது. இந்தப் போக்கை மிகுந்த வருத்தத்தோடு கவனித்து வருகிறோம்.

"போலீஸ்ல சொல்லிருவமா?" என்று உச்சிமாகாளி கேட்டான். 

"இந்த மாதிரி ஆட்டத்தையே கவர்மெண்டு தடை பண்ணியாச்சி. நீ போயி என்னன்னு எழுதிக் குடுப்ப? கோயில் பணத்த வச்சி ஆடுனேன், ஜெயிச்சிட்டேன், வாங்கித் தாங்கன்னா? ஒன்னயத்தான் மொதல்ல உக்கார வைப்பான்."

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இசக்கிபாண்டி எப்போதாவது நியாயமாகப் பேசினால் அது கெட்ட சேதியாகவே இருக்கும்.

ஆனால் யோசனைக்குப் பஞ்சமில்லை. "ஒங்க ஊருல உச்சிமாகாளி எக்கச்சக்கம், எல்லாருக்கும் ஒரே பிறந்தநாள்னு ஒரு பெரிய மனுசன்ட்ட சர்டிபிகேட் வாங்கி அனுப்பு. கையெழுத்து, சீலு எல்லாம் இருந்தா வெள்ளக்காரி நம்புவா."

அப்படி எழுதித் தரக்கூடிய பெரிய மனுசர் ஊரில் ஒருவர்தான். ஜூன் ஒன்று என்று எழுதிய அதே ஹெட்மாஸ்டர், மகாராஜா வாத்தியார். ஓய்வு பெற்றபின், ஊர்ப் பையன்களிடம் ஆதார் நகல் வாங்கிக் கோயிலுக்கு ட்ரஸ்ட் பதிவு செய்ததில் கோயில் பொறுப்பு அவரிடம் வந்தது. கொடைக் கமிட்டியின் பொருளாளரும் அவரே. சர்டிபிகேட் கேட்கப் போன் போட்டால் வரி எங்கே என்று கேட்பார். கேட்காமல் இருந்தால் கணக்கு திறக்காது. உச்சிமாகாளி மாடிப்படியில் உட்கார்ந்து, ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய தூசியைப் பார்த்துக்கொண்டு, மனசைத் திடப்படுத்திக்கொண்டு கூப்பிட்டான்.

"சார், நான் உச்சி பேசுதேன். ஓரகடத்துலேருந்து."

"எந்த உச்சிடே?"

"வெறும் உச்சி சார்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சொல்லு. என்ன விசயம்?"

"ஊர்ல உச்சிமாகாளின்னு நெறயப் பேரு இருக்கோம்னு ஒரு சர்டிபிகேட் வேணும் சார். எங்கூட இன்னொராள வச்சிக் குழப்பிக்கிட்டாவ. ஆதாரு, பிறந்த தேதி எல்லாம் ஒன்னாருக்குன்னு..."

 மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"யாருடே குழப்பிக்கிட்டது?"

"கம்பெனியில சார்," என்று பொய் சொன்னான்.

"கம்பெனியில மட்டுந்தானா? வேற யாரும் வந்து கேட்டாவளா?"

"இல்ல சார்."

 வாத்தியார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சர்டிபிகேட்டெல்லாம் வேண்டாம். நீ ஒடனே பொறப்பட்டு ஊருக்கு வா," என்றார்.

"வரிப் பணம் சார்..."

"வரி கெடக்கட்டும். அத அப்புறம் பாத்துக்கிடலாம். நீ வா. வாற வழியில திருச்செந்தூர்ல எறங்கி மொட்டை கிட்டை போட்டுராத, என்ன? இருக்கிற மாதிரியே வரணும்."

போனை வைத்ததும் உச்சிமாகாளி அறைக்கு ஓடி இசக்கிபாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னான். வரி கெடக்கட்டும் என்று மகாராஜா வாத்தியார் சொன்னதாக அந்த ஊர்ச் சரித்திரத்திலேயே கிடையாது. வரி பாக்கிக்காக மாமனார் வீட்டு ஆட்டைப் பிடித்துக் கட்டிய மனிதர்.

"தெரிஞ்சு போச்சி மாப்ள. கட்டை ஒளறியிருப்பான். ஊர்க்கூட்டம் போட்டு என்னய நடுவுல நிறுத்தப் போறாவ."

"மொட்டை போடாதன்னு ஏன் சொன்னாரு?"

"அதான் பயமாருக்கு. அவியளே போடப் போறாவ போல."

அதிலிருந்து வாத்தியார் தினமும் கூப்பிட ஆரம்பித்தார். "எப்பம் வாற?" என்பது மட்டும்தான் கேள்வி. உச்சிமாகாளி லீவு இல்லை என்றான், ஓ.டி. என்றான், காய்ச்சல் என்றான். காய்ச்சல் என்று சொன்னபோது வாத்தியார் பதறிப்போய், "மூஞ்சி கீஞ்சி வீங்கியிருக்கா?" என்று விசாரித்தார். அந்தப் பரிவைக் கேட்டு இவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பிடித்து நிறுத்தப் போகிறவர்கள் முதலில் அன்பாகத்தான் பேசுவார்கள் என்று அவன் நம்பினான்.

இதற்கிடையில் ஒலிவியா இறங்கி வந்தாள். ஒரு வீடியோ அழைப்பில் முகத்தைக் காட்டி நிரூபித்தால் பூட்டைப் பற்றி யோசிக்கலாம். புதன்கிழமை பகல் மூன்று மணி. தவறினால் மறு வாய்ப்பு கிடையாது.

புதன்கிழமை மூன்று மணிக்கு அவன் லைனில் இருப்பான். லீவு கேட்டதற்கு, டிஸ்பாட்ச் தலைமேல் நிற்கிறது, செத்தால்தான் லீவு என்றார் சூப்பர்வைசர். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அந்தக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகலாம், கேமரா கொண்டுபோகக் கூடாது. கேட்டில் நுழையும்போதே செக்யூரிட்டி தாண்டவராயன், போனின் முன் கேமராவிலும் பின் கேமராவிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். வெளியே போகும்போது ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் கம்பெனி ரகசியத்தைக் களவாடியதாகக் கணக்கு.

"பைய உரிச்சி, பேசி முடிச்சி, பைய ஒட்டிரு," என்றான் இசக்கிபாண்டி. "எச்சி தொட்டா ஒட்டும்."

மூன்று மணிக்கு உச்சிமாகாளி கழிவறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டான். ஸ்டிக்கர் பைய உரியவில்லை. துண்டு துண்டாக உரிந்தது. அழைப்பு வந்தது. திரையில் ஆள் தெரியவில்லை, பெண் குரல் மட்டும் கேட்டது. லெஃப்ட் என்றாள், இடப்பக்கம் திரும்பினான். ரைட் என்றாள், வலப்பக்கம் திரும்பினான். அந்த அளவு ஆங்கிலத்தை லைன் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. கேப் என்றாள், தொப்பியைக் கழற்றினான். கடைசியாக ஸ்மைல் என்றாள்.

அதுதான் வரவில்லை. உதட்டை இழுத்துப் பார்த்தான். பல்லைக் காட்டினான். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண் முன்னால் வந்தது. ஸ்மைல் ப்ளீஸ், ஸ்மைல் ப்ளீஸ் என்று அந்தக் குரல் கழிவறை முழுக்க எதிரொலித்தது.

கதவு தடதடவென்று இடிபட்டது.

"யார்ரா உள்ள? பொம்பள கொரல் கேக்குது?"

தாழ்ப்பாள் பழசு. இரண்டாவது இடியில் திறந்துகொண்டது. தாண்டவராயன் தலையை உள்ளே நீட்டினார்.

"இன்னாடா பண்ணிகினு கீற? ஸ்டிக்கர கிய்ச்சிட்டு வீடியோ எடுக்கறியா? கக்கூஸ்ல இன்னாடா ரகசியம் கீது எடுக்கறதுக்கு?"

"அண்ணே, ஒரே ஒரு தடவ சிரிச்சிக்கிடுதேன்ணே."

"நீ ஆபீசுக்கு வா. எல்லாரும் சேந்து சிரிக்கலாம்."

விசாரணை முடியும்வரை கேட்டுக்குள் வரக்கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஒலிவியாவும் அன்று மாலையே எழுதினாள். அழைப்பின்போது சீருடை அணிந்த அந்நியர் ஒருவர் உங்களை மிரட்டியது பதிவாகியிருக்கிறது. உங்கள் கணக்கை வேறு யாரோ இயக்குவதாகச் சந்தேகிக்கிறோம். ஆக, பணத்தைப் பூட்டியதுபோல ஆளையும் பூட்டியாகிவிட்டது. ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் அவன் மேல் விசாரணை நடந்தது.

வேலை நின்றது, அறையை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா ஜெயத்துக்குத் தெரியக்கூடாது என்று தினமும் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பினான். ஒரு நாள் பைக்கில் வாலாஜாபாத் வரை போய், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். மறுநாளும் அங்கேதான் போனான். போகும்போது பைக்கில் போனான், வரும்போது பஸ்ஸில் வந்தான்.

"பைக் எங்கல?" என்றான் இசக்கிபாண்டி.

"வித்துட்டேன்."

"கொடைக்கு அனுப்பவா? நல்ல காரியம். பாதியாவது போய்ச் சேருமே."

உச்சிமாகாளி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். ஒலிவியா கடைசி கடைசியாக ஒரு வழி சொல்லியிருந்தாள். நல்லெண்ண வைப்புத்தொகை என்று ஒன்றைப் போட்டால், மறு விசாரணையைத் துரிதப்படுத்தலாம். பைக் பணம் முழுவதையும் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபடியே ஜிங்கோராவில் போட்டுவிட்டான். பாதி கொடைக்கு அனுப்பினால் மிச்சப் பாதி எங்கே என்று கேட்பார்கள். முழுசாகத் திறந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று அவன் புத்தி அப்போது கணக்குப் போட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் புத்தி போடுகிற கணக்கு வேறு எப்படி இருக்கும்?

பதில் மறுநாள் வந்தது. இசக்கிபாண்டி அதைப் படித்துவிட்டு, முதல்முறையாக, யோசனை எதுவும் சொல்லாமல் இருந்தான்.

"என்னன்னு சொல்லு மாப்ள."

"பூட்டுன கணக்குல பணம் போடக்கூடாதாம். அது விதிமீறலாம். அதனால நிரந்தரமாப் பூட்டிட்டாளாம்."

"அவதானல போடச் சொன்னா?"

"அதயும் கேட்டுப் பாத்துட்டேன். போடச் சொன்ன விதியும் போடக்கூடாதுங்கற விதியும் ஒரே பக்கத்துல இருக்காம். நீ ஆரம்பத்துலயே அதப் படிச்சி ஒத்துக்கிட்டேன்னு அமுக்கியிருக்கியாம்."

அமுக்கியிருந்தான். அவன் மட்டுமா, யார் படித்துவிட்டு அமுக்குகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை. கொடைக்கு இன்னும் இரண்டே நாள். விடிந்ததிலிருந்து அவன் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரமாகக் காரணமில்லாமல் நடந்துகொண்டிருந்தான். போன் அடித்தது. ஜெயம்.

"தம்பி, எங்க கீற? உங்க ஊர்லேருந்து வயசான ஒர்த்தரும் அவர் வூட்டம்மாவும் வந்து குந்திகினு கீறாங்க. காப்பி குடுத்தேன், தொடவே இல்ல. உன்னப் பாக்காம போவ மாட்டாங்களாம்."

"யாருன்னு சொன்னாவளாக்கா?"

"பேரு இன்னாவோ மகாராஜான்னாரு. முகமே சரியில்லபா. கெளம்பி வா."

பெங்களூர் பஸ் ஒன்று தூரத்தில் வருவது தெரிந்தது. கையைக் காட்டினால் நிற்கும். ஏறி உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உச்சிமாகாளி கையை அரைவாசி தூக்கினான். இவன் எங்கே ஓடினாலும் அப்பா அந்த ஊரிலேயேதான் இருக்க வேண்டும். கையை இறக்கிக்கொண்டான். பஸ் தூசியை அவன் மேல் கொட்டிவிட்டுப் போனது.

சேரப்பணஞ்சேரி வந்து வீட்டு கேட்டைத் திறந்தபோது, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் மகாராஜா வாத்தியார் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பக்கத்தில் அவர் மனைவி கனகலட்சுமி, மடியில் ஒரு முறுக்குப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு. தன் காலைத் தானே பிடித்து விட்டபடி இருந்தாள். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த கால். ஜெயம் வாசற்படியில் நின்று நடப்பதைக் கவனித்தாள். இசக்கிபாண்டி அறைக் கதவுக்குப் பின்னால் பாதி தெரிந்தான்.

இவனைப் பார்த்ததும் வாத்தியார் எழுந்து நின்றார். வகுப்புக்குள் எத்தனையோ தடவை இவன் அவருக்காக எழுந்து நின்றிருக்கிறான். அவர் இவனுக்காக எழுந்து நிற்பது இவனால் தாங்கக்கூடியதாக இல்லை.

"வந்திட்டியாடே," என்றார்.  அவர் இவன் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தார்.

உச்சிமாகாளி அப்படியே காலில் விழுந்தான்.

"சார், என்னய மன்னிச்சிருங்க சார். வரிப் பணத்த நான் தொலைச்சிட்டேன். ஜிங்கோரான்னு ஒரு சூதாட்டம் சார். அதுல போட்டேன். ஜெயிச்சேன், எடுக்க விட மாட்டேங்கான். என் பேருல வேற கணக்கு இருக்குன்னு பூட்டிட்டான் சார். பைக்க வித்தும் அதுலயே போட்டுட்டேன். வேலையும் போச்சி. என்னய என்ன வேணும்னாலும் செய்யுங்க, மொட்டை கூட அடிங்க. அப்பாவ மட்டும் வரியிலேருந்து நீக்கிராதீங்க சார். அவருக்கு ஒன்னுமே தெரியாது."

 தலையைத் தூக்கிப் பார்த்தான். வாத்தியார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"அய்யய்யோ, பெரியவரு அயுவுறாரேபா!" என்றாள் ஜெயம். "இன்னா தம்பி நீ, நல்லவன்னு நம்பிகினு இருந்தோமே. வயசான மனுசனுக்கு இப்டியா அதிர்ச்சி குடுப்ப?"

தன்னை ஆளாக்கிய மனிதரைத் தானே அழவைத்துவிட்டோம் என்று உச்சிமாகாளிக்கு நெஞ்சு வெடித்தது. சிமெண்டுத் தரையில் நெற்றியை வைத்து அவனும் தேம்பித் தேம்பி அழுதான். வாத்தியார் துண்டை எடுக்கவே இல்லை.  

கனகலட்சுமிதான் முறுக்குப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அவன் தோளைத் தொட்டாள்.

"அழாத மக்கா. கோயில் ட்ரஸ்ட்டுக்குன்னு நீ குடுத்த ஆதார வச்சி, ஒன் பேருலதாம் இவிய அதே எழவுல கணக்குத் தொறந்து, ஊருக் கொடைப் பணம் பூராவயும் போட்டுப் பூட்டிக்கிட்டு நிக்காவ. தொறக்கணும்னா ஒன் மொகத்தக் காட்டணும்ங்கானாம், எந்திரிச்சி மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வா."